துணி கேட்ட மன்றாட்டு

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பதற்கு அன்பியம் என்று பெயர். அன்று எங்கள் வீட்டு முறை. சுண்டல் அவித்து வைத்திருந்தேன். இயேசுவைப் பற்றிப் பேசக்கூடாது என்று மிரட்டி அனுப்பப்பட்ட அவருடைய சீடர்கள் கூடித் துணிவு கேட்டு மன்றாடியதும், தங்களுக்குள் ஒருவரும் குறைபடாமல் பார்த்துக்கொண்டதும்தான் அன்றைய பைபிள் வாசகம். கேட்கக் கேட்க நான் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம், அடுத்த வீட்டுப் பெண். கொஞ்ச நாளாக அவள் அன்பியத்துக்கு வருவதில்லை. அவள் புருஷன் அடிக்கிற சத்தம் சுவர் தாண்டி முதலில் எனக்குத்தான் கேட்கும். ஒருமுறை என் கணவர் தட்டிக் கேட்கப் போனார். அரிவாளைக் காட்டித் திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டி வைப்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிற டீச்சர் நான்.

மன்றாட்டு நேரத்தில், "அடுத்த வீட்டுச் சகோதரிக்கு உதவ எங்களுக்குத் துணிவு தாரும்" என்றேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லாரும். சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை, அன்பியத்துக்கு வந்திருந்த, பூக்கட்டி விற்கிற அக்கா ஒரு பையோடு வந்து நின்றார். அவருக்குக் காது மந்தம்.

"வாங்க டீச்சர், குடுத்துட்டு வந்துருவோம். நீங்கதான அந்தப் புள்ளைக்குத் துணி கேட்டீங்க?"

"துணி இல்லக்கா, துணிவு!"

"அதான் கொண்டாந்துட்டேன்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நேரே போய் அந்த வீட்டுக் கேட்டை ஆட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவனுடைய பைக் வாசலில் நின்றது. அக்காவை இழுத்து வரத்தான் ஓடினேன். அதற்குள் அவனே கதவைத் திறந்துவிட்டான்.

"அப்பு, ஒம் பொண்டாட்டிக்குச் சேலை, ஜாக்கெட்டு கொண்டாந்துருக்கோம். போட்டுப் பாக்கணும். நீ செத்த நேரம் வெளிய நில்லு."

பெண்கள் உடை மாற்றுகிற இடத்தில் அவன் எப்படி நிற்பான்? ஒதுங்கினான். அக்காவின் பின்னால் உள்ளே போனேன்.

அவள் ஜாக்கெட்டைக் கழற்றியபோது முதுகைப் பார்த்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் என் காதோரம் முணுமுணுத்தாள்: "டீச்சர், ஆத்தூர்ல எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டுருங்க. இன்னைக்கு ராத்திரி தாண்ட மாட்டேன்."

அக்காவுக்கு அது கேட்கவில்லை. கேட்டது நான் ஒருத்திதான்.

வெளியே வந்து, "ஜாக்கெட்டு தொளதொளன்னு இருக்கு, தையக்கடைக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். பையைப் பார்த்தான். கேட்டோரம் நகர்ந்து வழிவிட்டான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

தெருவில் இடப்பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து அக்கா ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"டீச்சர், தையக்கடை அங்கிட்டுல்ல இருக்கு! இங்கிட்டு பஸ் ஸ்டாப்புதான!"

அவன் இன்னும் கேட்டில்தான் நின்றிருந்தான். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இங்கிட்டுப் புதுசா ஒரு கடை தெறந்துருக்காகக்கா, கூலி கம்மி!" என்று அவனுக்கும் கேட்கும்படி கத்தினேன்.

அவளை ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றும் பைக் சத்தம் கேட்டால் கதவைத் தாழ் போட்டுவிடுகிறேன்.

அந்த மாதம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அந்தத் தையக்கடைப் பொய்யை மட்டும் சொல்லவில்லை. மன்றாட்டில் கேட்டு வாங்கியதை எப்படிப் பாவம் என்று சொல்வது?