குரலை நகலெடுத்த மதியம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் கார் ஓட்டப் படித்தவர்கள் அவர் முகத்தை மறந்திருக்கலாம். குரலை மறந்திருக்க மாட்டார்கள். "பிரேக்கை மிதிம்மா, என் காலை இல்ல!" என்று ஒரு சத்தம் போட்டால், எதிரே வருகிற லாரியும் ஒரு கணம் தயங்கும்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மகள் லீவு போட்டு வந்து, தன் பழைய குட்டி லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, அப்பாவைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். தண்ணி, வலிக்குது, ஃபேனைப் போடு, மனைவியைக் கூப்பிடும் 'அடியே' எல்லாவற்றுக்கும் திரையில் ஒரு பெரிய பொத்தான். அறுவை முடிந்து குரல் போனபின், புற்று மருந்தில் விரல்களும் மரத்துப்போய்ப் பேனா பிடிக்க முடியாதவருக்குப் பொத்தானைக் குத்துவது மட்டும் கைகூடியது. அந்த லேப்டாப் பெட்டி 'அடியே' என்றால் அடுக்களையிலிருந்து, "வரேன், வரேன், உயிரை வாங்காதீங்க" என்று பதில் வரும்.

பிறகு பெட்டி தானாக அணையத் தொடங்கியது.

"அது மொத்தமா போறதுக்குள்ள எல்லாத்தையும் பென் டிரைவ்ல அப்படியே நகல் எடுத்துடலாம்மா," என்றாள் மகள் ஃபோனில். "வேற கம்ப்யூட்டர்ல சொருகி ஆன் பண்ணினாலும் அப்பா பேசுவார்."

ஒரு மதியம் உட்கார்ந்தார்கள். மகள் ஃபோனில் சொல்லச் சொல்ல, அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினாள். கட்டளையில் இரண்டு இடம்: எதிலிருந்து, எதற்கு. 'ஏ' பெட்டி, 'பி' பென் டிரைவ். நடுவில் ஃபோன் விட்டுவிட்டுக் கேட்டது. மாஸ்டர் திரையைப் பார்த்தார். முதலில் 'பி' இருந்தது. காலி பென் டிரைவை எடுத்துப் பெட்டியின் மேல் எழுதச் சொல்லியிருந்தாள் மனைவி; பெட்டிக்குள் இருக்கிற குரல் அத்தனையும் அழிந்துவிடும்.

வாயைத் திறந்தார். கழுத்துத் துளை வழியாகக் காற்றுதான் வந்தது. மேசையை ஓங்கி அறைந்தார்.

"இருங்க, என்ன அவசரம்? முடிஞ்சுது," என்று சொல்லிக்கொண்டே அவள் என்டரைத் தட்டினாள்.

பென் டிரைவைப் பிடுங்கப் பார்த்தார். மரத்த விரல்களுக்கு அது சிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை உறைந்து நின்றது.

ரிப்பேர் கடைக்காரர் பெட்டியை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்து பார்த்தார். தேறியது, இரண்டு சொற்களுக்கு நடுவே பதிவாகியிருந்த ஓர் இருமல் மட்டும். "நான் ஒரு காப்பி வெச்சிருக்கணும்பா," என்று மகள் ஃபோனில் அழுதாள். அம்மா அழவில்லை, சாப்பிடுவதையும் பேசுவதையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

மகள் புது லேப்டாப் அனுப்பினாள். அதில் இயந்திரக் குரல். பழைய பொத்தான்களோடு, யாரும் கேட்காமலே புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். மாஸ்டர் முதலில் அதைத்தான் குத்தினார்.

"உன் மேல தப்பு இல்ல," என்றது ஏதோ ஓர் ஆண் குரல், செய்தி வாசிப்பதுபோல.

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிரவில்லை.

"அதை அணைச்சிடுங்க," என்றாள். "வீட்டுக்குள்ள யாரோ வந்து நிக்கிற மாதிரி இருக்கு."