நாலு காதும் ஆடாத லென்ஸும்

விசேஷ வீட்டில் ஃப்ளாஷ் அடிக்கிறவனுக்கு ஒரே விதி: ஊரே ஆடலாம், படம் ஆடக் கூடாது. கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பார் சாப்பிட்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

உத்திரமேரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் பெரியம்மா மகள் செல்வி அக்கா, கை நடுக்கத்தைத் தானே தாங்கிக்கொள்ளும் புது லென்ஸ் ஒன்றைக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு பொத்தான், போட்டால் போதும். “மூணு விசேஷம் பாரு. மூணாவதுலயும் சொதப்பினா, கேமராவைப் புடுங்கிக்கினு பாஸ்போர்ட் போட்டோ வெட்ட உக்கார வெச்சிடுவேன்,” என்றாள்.

ராஜகுளம் நிச்சயதார்த்தம்

ஃப்ளாஷ் இருக்கும்போது பொத்தான் எதற்கு என்று அணைத்துவிட்டு, ஷட்டரை வேகமாக வைத்துச் சுட்டுத் தள்ளினேன். முகங்கள் பளிச். பின்னால் மின்னிய சீரியல் லைட் அத்தனையும், ஷட்டர் திறந்த நொடிக்குள் விழாமல், கும்மிருட்டு. பெண்ணின் மாமா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்பா, இத மண்டபத்துல எடுத்தியா, கெணத்துக்குள்ள எறங்கி எடுத்தியா?”

தாமல் காதுகுத்து

இந்த முறை ஷட்டரை மெதுவாக்கி, பொத்தானைப் போட்டேன். லைட்டெல்லாம் ஜம்மென்று விழுந்தது. அழுத குழந்தையைச் சிரிக்கவைக்க ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினேன் பாருங்கள், அது வெடுக்கென்று தலையைத் திருப்பியது. லென்ஸ் என் கையைத்தான் பிடிக்கும், குழந்தையைப் பிடிக்குமா? ஃப்ளாஷில் ஒரு முகம், ஷட்டர் மூடுவதற்குள் ஆவி மாதிரி இன்னொரு முகம். அம்மாக்காரி கேட்டாள்: “ரெண்டு காது குத்தினா, நீ இன்னா தம்பி நாலு காது காட்டிக்கினு கீற?”

தென்னேரிக் கல்யாணம்

மூன்றாவது. மணப்பெண் என் காதோடு சொன்னாள்: “எங்கப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கிறதில்ல. ஒரே படத்துல நிக்க வெச்சிடு.” குரூப் போட்டோவில் மற்றவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று இருவரும் தனித்தனியாகப் பின்வரிசைக்கு ஓடி, அங்கே பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து அடித்தேன். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கேமரா திரையில் படத்தைப் பார்த்தேன். ஃப்ளாஷ் எட்டிய முன்வரிசை சுத்தம். எட்டாத பின்வரிசை முழுக்க இரட்டை. ஸ்டாண்டில் வைத்தும் பொத்தானை அணைக்கவில்லை. இல்லாத நடுக்கத்தைத் தேடி லென்ஸ் தானே ஆடியிருக்கிறது.

காலையிலிருந்து பெரியப்பா பந்தியில் அதட்டிய அதட்டலில் அவர் குரல் எனக்கு மனப்பாடம். மேடையில் மைக் சும்மா கிடந்தது. எடுத்து, அவர் குரலிலேயே அதட்டினேன். “ஏய், எல்லாரும் இன்னொரு போட்டோவுக்கு வாங்கப்பா! தம்பி, நீயும் வா, எம் பக்கத்துல நில்லு!”

முதலில் ஓடி வந்தவர் பெண்ணின் அப்பா. கையில் ரசம், கண்ணில் ஈரம். கடைசியாக வந்த பெரியப்பா மைக்கையும் என்னையும் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். நான் அவசரமாகப் பொத்தானை அணைத்தேன். அவர் என் காதருகே குனிந்தார். “நான் கூப்புடல. ஆனா வந்துட்டான் இல்ல? சட்டுனு எடுப்பா, மறுபடியும் பூடப் போறான்.”

படத்தைப் பெரிதாக்கிப் பின்வரிசையை மூக்கு மூக்காகப் பார்த்து, மைக் கதையையும் கேட்ட செல்வி அக்கா கேமராவை என்னிடமே விட்டுவிட்டாள், ஆனால் நான் போகும் மண்டபங்களில் மைக்கைப் பூட்டி வைக்கச் சொல்லி முதல் நாளே போன் போட்டுவிடுகிறாள்.