வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை

எங்கள் தெருவில் யாருக்காவது நாலு வரி எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு அழைப்பிதழ், ஹார்பரில் ரிட்டையர் ஆகிறவருக்கு வாழ்த்து மடல், செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கைவண்ணம். ‘மனம் கனக்கிறது’ என்று போடுவதா, ‘மனம் கலங்குகிறது’ என்று போடுவதா என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் இருக்கிற வீட்டிலேயே ‘வேண்டாம்’ என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, ராயபுரமே கேட்டுச் சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எதிர்வீட்டு ஆன்ட்டி பிளம் கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய மகன் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்து. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறான், தங்கமான பையன். ஆன்ட்டி என் அம்மாவிடம், “உன் பொண்ண எங்க வூட்டுக்குக் குடுத்துடு” என்று கேட்டுவிட்டு, கேக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் தங்கை யோசிக்கவேயில்லை. “அவன் நல்லவன்தான். ஆனா சின்ன வயசுலேர்ந்து அடிச்சிகினு வளந்தவன். அவங்கூட சண்ட போடலாம், கட்டிக்க முடியாது. எனக்கு இஷ்டம் இல்ல” என்றாள். சொல்லிவிட்டுக் கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தின்றாள்.

நியாயமான பதில். அதை எதிர்வீட்டில் போய் எப்படிச் சொல்வது? தினமும் முகத்தில் முழிக்கிறவர்கள், சர்ச்சில் ஒரே பெஞ்சு. பக்கத்துத் தெரு இந்துக்கள் வீடுகளில் இந்தத் தொல்லையே கிடையாது. ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று ஒரே போடு. பழி சனி பகவான் தலையில் விழுந்துவிடும், இரண்டு குடும்பமும் மறுநாளே சிரித்துப் பேசிக்கொள்ளும். இத்தனை உபயோகமான கிரகம் நமக்கு இல்லாமல் போயிற்றே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலம் குடும்பக் கூட்டம். “இன்னும் படிக்கணும்னு சொல்லலாமா?” என்றார் அப்பா. அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தங்கையோ வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. “இப்போதைக்கு வேணாம்னு சொன்னா?” என்றாள் அம்மா. காத்திருப்போம் என்பார்கள். கடைசியில் நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்: “தங்கள் இல்லத்தோடு உறவு பூணுவது எங்களுக்குப் பெரும்பேறு. ஆயினும்…”

“இன்னாடா இது?” என்று அப்பா கத்தினார். “பெரும்பேறுன்னா அப்பால இன்னாத்துக்கு ஆயினும்? கண்ணீர் அஞ்சலி மாரியே கீது!”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அப்போதுதான் அம்மா வழி கண்டுபிடித்தாள். ஜெபம் பண்ணிப் பார்த்தோம், ஆண்டவர் சித்தம் இல்லை என்று சொல்லிவிடுவது. சனி பகவான் இல்லாவிட்டால் என்ன, சொந்த ஆண்டவர் இருக்கிறாரே! எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நான் மட்டும் ‘இல்லை’ என்பது கரடுமுரடாக இருக்கிறது, ‘இல்லை போலத் தெரிகிறது’ என்று பதமாகச் சொல்லுங்கள் என்று திருத்தம் கொடுத்தேன். அம்மா அதை மனப்பாடம் செய்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

போன வேகத்தில் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். ஆன்ட்டிக்கு வருத்தமே இல்லையாம். “போலத்தானே? இன்னும் முடிவா சொல்லலியே அவரு? ஜெபம் பத்தல. ஒம்போது செவ்வாக்கெழம நவநாள் வெச்சிட்டா மனசு எறங்கிடுவாரு” என்றாராம்.

எங்கள் தெரு அன்பியத்துக்கு ஆன்ட்டிதான் தலைவி என்பதை நாங்கள் நால்வரும் எப்படி மறந்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்பியம் என்றால் தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. ஆளுக்கொரு மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்பார்கள். ராத்திரிக்குள் வாட்ஸ்அப் குழுவில், ‘ஒரு நல்ல காரியம் கைகூட சிறப்பு நவநாள்’ என்று செய்தி வந்தது. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். யாருடைய காரியம் என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும்.

முதல் வாரமும் அடுத்த வாரமும் என் தங்கை தலையைக் குனிந்துகொண்டு உலக சமாதானத்துக்காக வேண்டினாள். சுற்றியிருந்தவர்கள் அவள் கல்யாணத்துக்காக உருகினார்கள். “இத்தினி பேரு கேட்டுகினே இருந்தா அவரு ஒத்துக்கினாலும் ஒத்துக்குவாருடா” என்று அப்பா என்னிடம் கிசுகிசுத்தார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் செவ்வாய் கூட்டம் ஆன்ட்டி வீட்டு மாடியிலேயே நடந்தது. ஒரு அம்மாள், தை மாதத்தில் கல்யாண மண்டபம் காலியாகக் கிடைக்க வேண்டும் என்று மன்றாடினார். எல்லோரும் கேட்டருளும் என்றார்கள். அடுத்தது என் தங்கையின் முறை.

அவள் தலையை நிமிர்த்தினாள். “ஆண்டவரே, இந்த ஆன்ட்டி எனக்கு எங்கம்மா மாரி. அவங்க புள்ள ரொம்ப நல்லவன். ஆனா அவன கட்டிக்க எனக்கு இஷ்டம் இல்ல. இத நேரா சொல்றதுக்கு எங்க வூட்ல யாருக்கும் வாய் வரல. அவங்க மனசு நோவாம நீயே அவங்களுக்குச் சொல்லிடு” என்றாள்.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” என்றது மொத்தக் கூட்டமும். பழக்கதோஷம். தலைவி என்பதால் எல்லோரையும்விட ஓங்கிச் சொன்னவர் ஆன்ட்டிதான்.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மெயின்ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிச்சம் இருந்த ஜெபத்தை நிதானமாக முடித்தார். தட்டில் டீ வந்ததும் முதல் டம்ளரை எடுத்து என் தங்கையிடம் நீட்டினார்.

“இஷ்டம் இல்லன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆண்டவரப் போட்டு இப்டி பேஜாரு பண்ணியிருப்பேனாடி?” என்றார். என் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் நைசாகக் கீழே இறங்கிவிட்டேன். வாசலில் தோஸ்து பைக் மேல் உட்கார்ந்திருந்தான். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், கையெல்லாம் கிரீஸ்.

“இன்னா மாமு, மேல திடீர்னு கம்முனு ஆயிட்டாங்கோ?”

எனக்கு அழகழகான வாக்கியங்கள் எத்தனையோ தெரியும். ஒன்றும் வரவில்லை.

“அவளுக்கு இஷ்டம் இல்லியாம் மாமு.”

அவன் கிரீஸ் கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தான். எதிரே எங்கள் வீட்டையே வெகுநேரம் பார்த்தான். பிறகு பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

“சரி, ஏறு. பீச் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்றான். “ஆனா பேசாம வா.”