திரையில் நெய்த வயது

என் அப்பா பஞ்சாட்சரம் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பிள்ளையார்பாளையமே "அவரைப் போல நேர்மையான நெசவாளி உண்டா" என்று உருகுகிறது. நெசவில் நேர்மைதான், நான் மறுக்கவில்லை. மற்றதைக் கேட்க யாரும் வரவில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

எட்டு வயதுவரை நான் வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். 1965இல் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா என் வயதை ஐந்து என்றார். பின்னால் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் மூன்று வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கலாமாம்! அந்நாளில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. நான் காதைத் தாண்டிக் கழுத்தையே தொட்டேன். தலைமையாசிரியர் முறைத்தார்.

"எங்க வூட்ல எல்லாருக்குமே கை கொஞ்சம் நீட்டு சார்" என்றார் அப்பா, கூசாமல். நான் பூஞ்சை உடம்பு வேறு. எழுதிக்கொண்டார்கள்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த தேவகி டீச்சர்தான் என் உடம்பு வில்லாக வளைவதைக் கண்டுபிடித்தார். கோணிப்பாய் விரித்துக் கரணம் போட வைத்தார், மரப்பெட்டி தாண்ட வைத்தார். மாவட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் இரண்டு பிரிவு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே சிறியவர்கள். பாயும் பெட்டியும் மட்டும். அதற்கு மேலே பெரியவர்கள். அவர்களுக்கு நான்கு விரற்கடை அகல உத்தரத்தின் மேலும் கம்பியிலும் வித்தை உண்டு. அங்கே ஜெயித்தால் மாநிலப் பயிற்சிக்குச் சென்னை போகலாம். அந்த உத்தரத்தில் ஒரு தரம் ஏறிவிட வேண்டும் என்று நான் கிடந்து துடித்தேன்.

1969இல் சிறியவர் பிரிவில் ஜெயித்தேன். அடுத்த வருஷமும் ஜெயித்தேன். ஜெயிக்காமல்? பதிமூன்று வயதுக் கடா, பத்து வயதுக் குஞ்சுகளோடு மோதினால் வேறென்ன ஆகும்! ஒலிபெருக்கியில் "பஞ்சாட்சரம் மகள் மங்கையர்க்கரசி" என்றதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். ஆயுளில் அவர் பேரை யாரும் அப்படி உரக்கக் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் வருஷம் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பஞ்சாட்சரம், இவள மேல் பிரிவுக்கு விடுங்க. விருப்பப்பட்டா சின்ன வயசுலயும் அங்க சேரலாம். இங்கயே ஜெயிச்சிக்கினு இருந்தா இவளுக்கு ஒண்ணும் வராது."

"அங்க போனா ஜெயிப்பாளா டீச்சரம்மா?"

"மொத வருசம் தோப்பா. தோக்கட்டுமே!"

"தோக்கறதுக்கு எதுக்குமா அங்க போவணும்? இன்னும் ஒரு கப்பு வரட்டும், பாக்கலாம்."

கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன். மசியவில்லை. அந்தச் சித்திரையில் நான் வயதுக்கு வந்தபோது அதையும் மூடி மறைத்தார். பள்ளிக் கணக்கில் பதினொரு வயதுக்காரிக்கு மஞ்சள் நீராட்டு வைத்தால் ஊர் கேள்வி கேட்குமாம். தாய்மாமன் சீரில்லை, மேளமில்லை. புழக்கடையில் அம்மா தனியாக எனக்குத் தண்ணீர் ஊற்றி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அதை நான் எந்த ஜென்மத்திலும் மன்னிக்கப்போவதில்லை.

இனி திரைக்கு வருகிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து நான் பிறந்த சந்தோஷத்தில் அப்பா தெருக்கோடி முருகன் கோயிலுக்கு ஒரு பட்டுத் திரை நெய்து கொடுத்திருந்தார். அரக்குச் சிவப்பில், கீழ்க்கரையில் ஜரிகை எழுத்து: "பஞ்சாட்சரம் மகள் மங்கையர்க்கரசி பிறந்த உபயம், 8-2-1957." கிருத்திகைக்குக் கிருத்திகை அதைக் கருவறை முன்னால் தொங்கவிடுவார்கள். பள்ளியில் மூன்று வயதை விழுங்கிய மனிதருக்கு அது ஞாபகமே இல்லை.

இரண்டு வருஷமும் எனக்கு அடுத்த இடத்தில் வந்த குழந்தையின் அம்மா ரேணுகாம்பாள். ஆடிக் கிருத்திகையன்று, திரை விலகக் காத்து நின்றபோது, அந்த எழுத்தைப் படித்திருக்கிறாள். போட்டி நாளன்று குருக்களிடம் கேட்டு வாங்கிய திரையோடு மைதானத்துக்கு வந்து, அதிகாரி மேஜைமேல் விரித்தாள்.

"இத்தப் படிங்க சார். எம்பொண்ணுக்கு பத்து வயசு. ரெண்டு வருசமா அழுதுக்கினே வூட்டுக்கு வருது."

அதிகாரி நல்ல மனிதர். அப்பாவைப் பார்த்து இரக்கப்பட்டு வழியும் விட்டார். "நெய்யும்போது எண் தவறியிருக்கலாம் இல்லையா? ஐம்பத்தேழு இல்லை, அறுபது. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்திருக்கும். அப்பாவின் முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"என் தறியில தப்பா? இன்னா சார் பேசறீங்க! ஒரு இழை தப்பாது. போட்டது போட்டபடி இருக்குது, நல்லாப் பாருங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. பெண்ணின் வயதில் பொய் சொல்ல நா கூசாதவருக்கு, தன் நெசவைப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு கோப்பைகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு எந்தப் பிரிவிலும் நான் கலந்துகொள்ளக் கூடாது என்று தீர்ப்பு. பதினேழு வயதுக்கு மேல் உத்தரத்தில் ஏறக் கற்பவள் யார்? அதற்குள் எனக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள்.

தேவகி டீச்சர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். அப்பா தறியோரம் உட்கார்ந்து, "ஜெயிச்ச ரெண்டு கப்பும் போச்சேமா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நா எப்பப்பா ஜெயிச்சேன்?" என்றேன். "என் வயசுக்காரி ஒருத்திகூடவாவது ஒரு தரம் தோக்க வுட்டியா நீ?"

அதற்குப் பின் எட்டு வருஷம் ஒரே ஊரில் இருந்தும், சாகும்வரை அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை.