இரண்டு பாலங்களுக்கு நடுவே ஒரு பூங்கா

தேநீரில் சர்க்கரையைப் போட்ட பிறகு அவர் கலக்குவதில்லை. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சர்க்கரை தானாகக் கரைந்து மேலே வரட்டுமாம். அதற்குள் தேநீர் ஆறிப்போகும். பக்கத்து நாற்காலிக்காரர் பாவம் பார்த்துக் கலக்கிக் கொடுத்தால் முகம் சுண்டிவிடும். "கலக்கிட்டா அப்புறம் எது எங்கேருந்து வந்துச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

நீர் ஆய்வு அலுவலகத்தின் மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இவருடைய வேலை, மூடிப்போன ஒரு சுரங்கத்தின் காலடியில் ஓடும் ஓடையைக் கணினிக்குள் ஓடவிடுவது. மழை எவ்வளவு, மேலிருந்து கரைந்து வரும் உலோகம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால், கீழே எந்த வளைவில் எவ்வளவு மிஞ்சும் என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடுவார். அலுவலகத்தில் 'ஓடைக்காரர்' என்றால் இவர்தான்.

உலோகங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏதோ பங்காளி வீட்டு வம்பு பேசுவது போல் குரல் தாழ்ந்துவிடும். "இரும்பு ஓட்டவாய்ங்க. காத்து பட்டதும் ஆரஞ்சு கலர்ல கல்லு மேல படிஞ்சு ஊருக்கே காட்டிக் கொடுத்துடும். துத்தநாகம் கமுக்கம். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். மீன் செத்தப்புறம்தான் வந்துட்டுப் போனதே தெரியும்."

தன் கோடும் நிஜ ஓடையும் ஒத்துப்போகாத நாட்களில் அவர் ஓடையைத்தான் சந்தேகிப்பார். "ஓடை இன்னும் கணக்குக்குப் படியல" என்பார். ஓடைக்கு அடுத்தபடியாகச் சந்தேகம், தண்ணீர் எடுத்து வந்து சோதிக்கும் ஆய்வகத்து அம்மாள் மேல். "பாட்டிலைச் சரியாக் கழுவினீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்குப் பொறுமை போயிற்று. ஒருநாள் ஓடைக்காரர் கண்ணெதிரிலேயே பாட்டில்களைக் கழுவி, அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், மேல் பாலத்திலும் கீழ் பாலத்திலும் அவர் கையாலேயே தண்ணீர் மொள்ள வைத்தார். முடிவு மாறவில்லை. மேல் பாலத்தில் சாதுவாக இருந்த துத்தநாகம் கீழ் பாலத்துக்குள் இரண்டு மடங்காகியிருந்தது.

"இப்ப யாரைச் சொல்லப் போறீங்க? என் பாட்டிலையா, உங்க கையையா?" என்றார் அம்மாள்.

மறுநாள் ஓடைக்காரர் சுரங்க நிறுவனத்தின் வரைபடத்தை விரித்தார். இரண்டு பாலங்களுக்கும் நடுவே ஓடையில் எதுவும் சேர்வதாக இல்லை. கரையில் பச்சையாக ஒரு பூங்கா மட்டும் இருந்தது. பழைய கழிவுப் பாறைக் குவியலுக்கு மேல் ஒரு சாண் மண் போட்டு, புல் வளர்த்து, பெஞ்சுகள் வைத்து, 'வாத்துகளுக்குத் தீனி போடாதீர்கள்' என்று பலகையும் நட்டிருந்தார்கள். வாத்து எதுவும் இன்னும் வரவில்லை.

ஓடை தேறிவிட்டது என்று இவருடைய அறிக்கை சொல்லிவிட்டால், நிறுவனம் மேலே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டுக் கிளம்பலாம். அலுவலக மேலாளர் அவரை அறைக்கு அழைத்தார். "அந்த வித்தியாசத்தை அளவீட்டுப் பிழைன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுங்களேன்."

"பிழைன்னா ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும் சார். இது மாசா மாசம் அதே இடத்துல, அதே அளவுல வந்து நிக்குது. நம்ம ஆபீஸ்லயே யாரும் இவ்வளவு ஒழுங்கா வர்றதில்ல."

வீட்டில் அதைவிடச் சிக்கல். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி அவருடைய மனைவியின் தம்பி. பூங்கா அவனுடைய யோசனை. பதவி உயர்வு அந்தப் புல்லில்தான் முளைக்க வேண்டும். ஞாயிறு சாப்பாட்டில் அவன் மெல்ல ஆரம்பித்தான். "அத்தான், அந்தக் கோடு கொஞ்சம் இறங்காதா?"

"கோட்டை இறக்கிடலாம் மச்சான். துத்தநாகம் இறங்காதே."

"தம்பிக்காக ஒரு கோட்டைக்கூட இறக்க மாட்டீங்களா?" என்றார் மனைவி.

பூங்காத் திறப்பு விழாவோடு ஊர்க்கூட்டமும் நடந்தது. கோட்டைப் பூசி மெழுகி மேலாளரே திரையில் காட்டினார். கேள்வி வந்தால் சமாளிக்க ஓடைக்காரரையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் பேசினால் யாருக்கும் ஒரு எழுத்தும் புரியாது என்பது நிறுவனத்தின் திடமான நம்பிக்கை. பல வருட அனுபவத்தில் வந்தது.

கீழ் பாலத்துக்கு அப்பால் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் பெண்மணி எழுந்தார். "எங்க குஞ்சுங்க செத்துக்கிட்டே இருக்குதுங்க. தீனி அதிகம், அதனாலதான்னு கம்பெனியில சொல்றாங்க. தண்ணியில ஒண்ணும் இல்லையா சார்?"

ஒலிபெருக்கி ஓடைக்காரர் கைக்கு வந்தது. மச்சான் அவரைப் பார்த்துச் சிரித்தான். கெஞ்சலும் அதில் இருந்தது. ஓடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தீனி இல்லைம்மா. மேல் பாலத்துக்கும் கீழ் பாலத்துக்கும் நடுவுல ஓடைக்குள்ள துத்தநாகம் வந்து சேருது. நடுவுல இருக்கறது இந்தப் பூங்கா மட்டும்தான்."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மச்சான் பாய்ந்து ஒலிபெருக்கியை வாங்கி, "சார் கம்ப்யூட்டர் ஓடையைச் சொல்றார், நிஜ ஓடையை இல்ல" என்றான். ஆய்வகத்து அம்மாள் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார்: "நிஜ ஓடையும் அதையேதான் சொல்லுது. பாட்டிலை நான்தான் கழுவினேன்."

ஓடை தேறிவிட்டது என்று நிறுவனத்துக்குக் கிடைக்கவிருந்த சான்றிதழ் நின்றது. பூங்காவைத் தோண்டிப் பார்க்க உத்தரவு வந்தது. ஓடைக்காரரின் நேர்மையைப் பாராட்டிய மேலாளர், கையோடு அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார். பேருந்து நிலைய வாசலில் மழைத்தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்கும் என்பது இப்போது அவருடைய ஆராய்ச்சி. அதிலும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு இரண்டு பணிமனைகளின் பகையைச் சம்பாதித்துவிட்டார்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தினான். மனைவி தேவைக்கு மட்டும் பேசினார்.

போன வாரம் அவன் வந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காலணியில் ஆரஞ்சுச் சேறு. யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தோண்டிட்டாங்க அத்தான். புல்லுக்கு அடியில பழைய குழாய் ஒண்ணு, ஓடையைப் பார்த்துக் கழிவுத்தண்ணியை விட்டுக்கிட்டு இருக்கு. எனக்குச் சத்தியமாத் தெரியாது. இப்ப எல்லாத்துக்கும் என்னைக் கை காட்டுறாங்க."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார். ஓடைக்காரர் எழுந்தார். தன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் மச்சான் பக்கமாகத் திருப்பி வைத்தார்.