கதவுக்கு அடியில் இருந்த ஓட்டைகள்

வண்டியில் நான்கு பேர் இருந்தோம்.

ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் மச்சான், என் மனைவியின் தம்பி. அன்றைக்கு முதல்முதலாகக் கப்பல் ஏறப் போகிறவன். பின்சீட்டில் அத்தை, அவனுடைய அம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறவர். அத்தைக்குப் பக்கத்தில் எங்கள் தெருக்காரன் ஒருவன். ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் அடைத்துக் கொடுப்பது அவன் தொழில். படகுக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். பெட்டி தூக்க ஆள் வேண்டாமா என்று கேட்டு அவனே வந்து ஏறிக்கொண்டான்.

ஒரு பையும் இருந்தது. பாஸ்போர்ட்டும், மாலுமிக்குச் சர்க்கார் கொடுக்கிற கப்பல் புத்தகமும் அதற்குள். மச்சான் அதைக் காலடியில் வைத்திருந்தான்.

பதினோரு மணிக்குள் எண்ணூர் துறைமுக கேட்டில் நிற்கச் சொல்லியிருந்தார் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். பிந்தினால் அனுப்ப அவரிடம் வேறு ஆள் இருந்தான். மச்சான் இந்த ஒரு கப்பலுக்கு ஒன்றரை வருஷம் காத்திருந்தான். புத்தகம் நனைந்தாலும் ஏற்ற மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவன் அப்படித் திரும்பி வந்தவன். இன்னும் வீட்டில்தான் இருக்கிறான்.

விடியற்காலையிலிருந்து மழை. ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

டோல்கேட்டில் சிக்னலுக்கு பிரேக் போட்டேன். டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. சொட்டவில்லை. கொட்டியது.

"மாமா, பையி!"

அத்தை பின்னாலிருந்து கையை நீட்டிப் பையைப் பிடுங்கினார். திறந்து பார்த்தார்.

"அடியிலதான் ஈரம். உள்ள ஒண்ணியும் ஆவல." அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா மாப்ள வண்டி இது? மீனு அள்ற என் ஓட்ட அன்னக்கூட தேவலாம். அதுல தண்ணி வெளிய போவும். இதுல உள்ள வருது."

படகுக்காரன் கூரையைத் தடவினான். "மேல காஞ்சிதான் கீது. நம்ம வேலய கொற சொல்லாத பெரிம்மா. அடியில ஒரு ஈ பூராது."

அத்தை சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

போன மழையில் தெருத் தண்ணீர் வண்டிக்குள் சீட் வரைக்கும் வந்துவிட்டது. இந்த மழைக்கு முன்னால் படகுக்காரன் சொன்னான், "ஓட்டையோட எவனாவது கடலுக்குப் போவானா மாமு?" எனக்குச் சரியென்று பட்டது. கார் வாங்குவதற்கு முன்னால் பத்து வருஷம் நானும் படகில் போனவன். படகில் ஓட்டை என்றால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் வண்டிக்கு அடியில் படுத்தான். நான் டார்ச் பிடித்தேன். கண்ணில் பட்ட ஓட்டையெல்லாம் படகுக்குப் பூசுகிற ரெசினைப் பூசி அடைத்தான். கதவுகளின் அடியில் இருந்ததையும் விடவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட் ஓரத்தில் இருந்த இரண்டை நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

முன்கண்ணாடிமேலும் கதவுக் கண்ணாடிமேலும் விழுகிற மழை எங்கே போகிறது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது போக வழியில்லாமல் நிரம்பி, பிரேக் போடும்போதெல்லாம் உள்ளே வந்தது.

திருவொற்றியூர் தாண்டும்போது எனக்கு நிச்சயமாகிவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் நிறுத்த வேண்டும். முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரி. வரிசையை விட்டால் திரும்ப நுழைய விட மாட்டான். மணி ஒன்பதே முக்கால். ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அது என் தப்பு.

ஒரு வளைவில் கதவுக்குள் தண்ணீர் குலுங்கியது. படகுக்காரன் பேச்சை நிறுத்தினான். கதவில் காதை வைத்தான். படகின் அடித்தட்டில் தண்ணீர் கிடந்தால் வருகிற சத்தம் அவனுக்குத் தெரியும்.

"மாமு."

"ம்."

"கதவு ரொம்பிகினு கீது."

"தெரியும்."

அத்தை சீட்டின்மேல் காலை மடக்கிக்கொண்டார். பையைப் புடவைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மச்சான் போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தான்.

எர்ணாவூரில் வைப்பர் நின்றது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. கழுத்தை வெளியே நீட்டி ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் இன்ஜினும் நின்றது. சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. மணி பத்து ஐந்து.

பின்னால் வந்த லாரி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை நீட்டிக் கத்தினான். "நடு ரோட்டுல இன்னா வூடு கட்டிகினு கீறியா?"

அத்தை கண்ணாடியை இறக்கினார். "என் புள்ள கப்பலு ஏறணும் நைனா. கத்துறத வுட்டுட்டு எறங்கித் தள்ளு!"

அவன் இறங்கி வந்து தள்ளினான். வண்டி ஓரத்துக்குப் போனது.

டிக்கியிலிருந்து திருப்புளியும் வீல் ஸ்பேனரும் எடுத்தேன். முதல் கதவைத் திறந்து, அதன் அடியில் திருப்புளியை வைத்து ஸ்பேனரால் தட்டினேன். ரெசின் ஒரே சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. குழாய் திறந்த மாதிரி தண்ணீர் கொட்டியது.

படகுக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திருப்புளியை என் கையிலிருந்து வாங்கினான்.

"நான் அடச்சது மாமு. நானே ஒடைக்கிறேன்."

கதவு கதவாக மண்டியிட்டுப் போனான். நான் பெயர்த்ததையும் சேர்த்து, சில்லை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் பானெட்டைத் தூக்கி, காட்டிக்கொடுத்த இரண்டையும் காட்டினேன். அவற்றையும் உடைத்தான். முன்பக்கம் தேங்கியிருந்த தண்ணீர் இறங்கிப்போனது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி சொதசொதவென்று இருந்தது. துணி கேட்டேன். எல்லாரும் நனைந்திருந்தோம். அத்தை பையைச் சுற்றியிருந்த முந்தானை நுனியை உருவி முன்சீட்டுப் பக்கம் நீட்டினார். அது ஒன்றுதான் காய்ந்திருந்தது. ஃபியூஸ்களைப் பிடுங்கித் துடைத்துத் துடைத்துச் சொருகினேன்.

மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியபோது இன்ஜின் பிடித்தது. மணி பத்து முப்பத்தைந்து. மச்சான் அழுதான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

கேட்டுக்குப் போனபோது பதினொன்றுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. அதிகாரி கப்பல் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. அத்தை மழையில் நின்று அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ," என்றார் அதிகாரி.

மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு தடவை திரும்பிக் கை காட்டினான். அவ்வளவுதான்.

திரும்பும்போது மழை விடவில்லை. பிரேக் போட்டேன். உள்ளே ஒன்றும் கொட்டவில்லை. அத்தை தூங்கிவிட்டார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் மாமு, மெய்யாலுமே," என்றான் படகுக்காரன்.

"நானுந்தான் டார்ச் புட்சேன்," என்றேன்.

அவன் சட்டைப் பையைக் கவிழ்த்து ரெசின் சில்லுகளை மச்சான் உட்கார்ந்திருந்த சீட்டில் கொட்டினான். லாரி வரிசை நின்றபோது, தண்ணீர் போகிற வழி எத்தனையை அடைத்திருந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். கதவுக்கு மூன்று. நாலு கதவு. கண்ணாடிக்குக் கீழே இரண்டு.

பதினாலு.