களம் தேடி வரும் இஸ்மானாலி

"களம் நிறையட்டும்!"

என் அறுவடை இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி இப்படி ஒரு குரல் கேட்டால் இஸ்மானாலி வந்துவிட்டார் என்று பொருள். மோட்டார் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, எந்த வெயிலிலும் கழற்றாத நீளக் கோட்டின் முன்மடியை விரித்துக்கொண்டு, தார்ப்பாயில் குவிந்த கோதுமையை நோக்கி ஏறக்குறைய ஓடுவார். பார்க்கிற எனக்கே உடம்பு துள்ளும்.

சூய் சமவெளியில் எங்கள் ஊருக்கு வெல்டர் அவர். இயந்திரத்தின் பல் உடைந்தால் ஒட்டித் தருவார். காசை நீட்டினால், "உள்ள வைப்பா, களத்துல பாத்துக்கலாம்" என்பார். களத்தில் பார்ப்பதுதான் கெப்சென். அரிவாள் அடித்தவனுக்கும், வாய்க்கால் திருப்பியவனுக்கும், வாழ்த்திக்கொண்டு வந்து நின்றவனுக்கும், குவியல் களத்தை விட்டுப் போகுமுன் அள்ளித் தருகிற பங்கு. விளைச்சல் முழுக்க அரசாங்கத்துக்கே என்றிருந்த கூட்டுப்பண்ணைக் காலத்தில் களத்துக்குக் காவல் போட்டார்களாம்.

"எங்கப்பா தொப்பியக் கழட்டி நீட்டி 'கெப்சென்'னு சொல்லுவாரு. காவக்காரன் அந்தப் பக்கம் திரும்பிக்குவான். ஒருத்தனும் திருட்டுன்னு சொன்னதில்ல தம்பி!" இதைச் சொல்லும்போது அவர் தாடியும் சேர்ந்து ஆடும்.

இந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பெண் சைராகுல் முதன்முறையாகத் தனியாகப் பயிரிட்டாள்; கணவன் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறான். வயதானவர் அலைய வேண்டாமே என்று, ஒரு மூட்டை கோதுமையை இஸ்மானாலியின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். போச்சு! வீடு தேடிப் போகும் தானியம் எங்கள் ஊரில் கதியற்றவர்களுக்குத்தான். அவள் வயலில் அறுத்துக்கொண்டிருந்த நான் இயந்திரத்தில் இருந்தபடியே வரப்பைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வந்தது. பின்னால் அதே மூட்டை.

"ஏம்மா, எனக்குக் கை கால் விளங்காமப் போச்சா? பேரப்பசங்க முன்னாடி தானம் எறக்கிட்டு வந்திருக்க!"

"ஐயோ பெரியப்பா, கெப்சென்தான் குடுத்தேன்!"

"கெப்சென் வீட்டுக்கு வருமா? எந்த ஊருல வந்திருக்கு?"

"தெரியாமப் பண்ணிட்டேன். முதல் வெள்ளாமை, கோவத்தோட போயிடாதீங்க."

இஸ்மானாலி மூட்டையை அவிழ்த்து, ஒரு மணிகூட மிச்சமில்லாமல் குவியலில் கொட்டினார். விறுவிறுவென்று வரப்புக்கே திரும்பிப் போனார். அங்கிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "அந்த மெஷின நிறுத்துடா! நாலு பேரு காதுல விழட்டும்!"

நிறுத்தினேன். பக்கத்து வயல்காரர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

"களம் நிறையட்டும்!"

மடியை விரித்தபடி ஓடி வந்தார். சைராகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். கோட்டு கனத்துத் தொங்கியது.

"போதுமா பெரியப்பா?"

இஸ்மானாலி மடியை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தார்.